எருமை ஏன் தண்ணீரில் கிடக்கிறது?

சித்திரை வெயிலில் பசு வேப்பமர நிழலோடு சமாளித்துக்கொள்ளும். எருமையால் முடியாது. குட்டையைத் தேடிப் போய், மூக்கும் கொம்பும் மட்டும் தெரிய முங்கிக் கிடக்கும். சோம்பல் என்று அதைத் திட்டுவது பெரிய அநியாயம். அந்த நேரத்தில் அது தன் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

எருமையின் உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். வெயில் மட்டுமே அதற்கு எதிரி அல்ல. தின்ற வைக்கோல் இரைப்பையில் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது உள்ளேயே சூடு பிறக்கிறது. பால் சுரக்கும் எருமைக்கு இந்தச் சூடு இன்னும் அதிகம்.

நமக்கு வியர்வை இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டுப் போய்விடும். பசுவுக்கும் வியர்க்கும். எருமைத் தோலிலோ வியர்வைச் சுரப்பிகளின் அடர்த்தி பசுவுக்கு இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். போதாததற்குக் கறுப்புத் தோல் வெயிலை உறிஞ்சுகிறது. அதைத் தடுக்க அடர்ந்த முடியும் இல்லை. வெட்டவெளியில் கட்டிப்போட்டால் மூச்சிரைப்பது ஒன்றுதான் அதற்கு மிஞ்சும் வழி.

ஆனால் இது ஆற்றோரச் சதுப்புகளில் உருவான விலங்கு. அசாமின் காசிரங்காவில் காட்டு நீரெருமைகள் இன்றும் அப்படித்தான் வாழ்கின்றன. தண்ணீருக்குள் இறங்கியதும் முடி குறைந்த அந்தத் தோலே வரமாகிவிடுகிறது. தோலில் இரத்தக் குழாய்கள் விரிய, உள்சூட்டை இரத்தம் மேலே சுமந்து வருகிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். இடையில் முடி குறுக்கே நிற்பதில்லை. ஈரக்காற்று நிறைந்த கடலோர ஊர்களில் இந்த முறையின் அருமை தெரியும். அங்கே வியர்வை எளிதில் காயாது, ஆனால் 30 டிகிரி குட்டைத் தண்ணீர் 38 டிகிரி உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். கரையேறிய பின்பும் மேலே அப்பிய சேறு காயக் காயக் குளிர்ச்சி தரும், ஈக்கடியையும் தடுக்கும்.

நீலகிரியின் தோடர் எருமைக்குக் கதை வேறு. குளிர்ந்த மலையில் வாழும் அதற்கு அடர்ந்த முடி உண்டு.

சமவெளியில் குட்டைகள் தூர்ந்துபோக, எருமைகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கட்டுத்தறியிலேயே நிற்கின்றன. சூடு தாங்காமல் அவை தீவனத்தைக் குறைக்கும், பால் குறையும், பருவத்துக்கு வருவதும் வெளியே தெரியாமல் போகும். மருந்து வாங்க ஓடுமுன், கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். உச்சிவெயில் நேரத்தில் உடம்பு முழுக்க நனையத் தண்ணீர் ஊற்றுங்கள், காற்றோட்டத்தை மறிக்காதீர்கள். பக்கத்தில் குளம் இருந்தால் தினமும் அவிழ்த்து ஓட்டிவிடுங்கள்.