பாட்டால் திறந்த சிறைக் கதவு

பாட்டுப் பாடி ஒருவரைச் சிறையிலிருந்து மீட்க முடியுமா?

முடியும். ஒருவரை அல்ல, 142 பேரை மீட்டிருக்கிறார்கள். அயர்லாந்து நாட்டில், டப்ளின் என்ற நகரத்தில் இது நடந்தது. ஆண்டு 1742.

அந்தக் காலத்தில் அங்கே கடனைக் கட்டாதவரைச் சிறையில் போடுவார்கள். கடனை அடைத்தால்தான் வெளியே விடுவார்கள். சிறைக்குள் இருப்பவர் எப்படி உழைப்பார்? உழைக்காமல் எப்படிக் கடனை அடைப்பார்? சம்பாதிக்கிறவர் உள்ளே போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கடனும் அப்படியே நிற்கும். வட்டிக்கு வாங்கி அவதிப்பட்டவர்களுக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும்.

டப்ளினில் இசையில் விருப்பமுள்ள சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் கச்சேரி நடத்துவார்கள். கிடைக்கும் பணத்தைக் கொண்டு கடன் கைதிகளை விடுவிப்பார்கள். 1741-இல் இந்தச் சங்கத்துக்கு ஒரு புதிய இசை மண்டபமும் கிடைத்தது. அது இருந்த இடம் ஃபிஷாம்பிள் தெரு. நம் ஊர் வழக்கில் சொன்னால் மீன் கடைத் தெரு.

அதே ஆண்டு நவம்பரில் ஹேண்டல் என்ற இசை மேதை டப்ளினுக்கு வந்தார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர், லண்டனில் வாழ்ந்தவர். வரும்போது புதிய பாட்டு ஒன்றை எழுதிக் கொண்டு வந்தார். அதன் பெயர் 'மேசியா'. இயேசுவின் பிறப்பு, பாடுகள், உயிர்த்தெழுதல் எல்லாம் அதில் வரும். வார்த்தைகள் பைபிள் வசனங்கள். வசனங்களைத் தேர்ந்து கோத்துக் கொடுத்தவர் சார்லஸ் ஜென்னன்ஸ் என்ற அவருடைய நண்பர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாட்டுக்கு 24 நாளில் இசை அமைத்தார் ஹேண்டல்.

1742 ஏப்ரல் 13-ஆம் தேதி, பகல் 12 மணிக்கு 'மேசியா' முதல் முறையாகப் பாடப்பட்டது. பணம் எங்கே போகும் என்பதை முன்னாலேயே பத்திரிகையில் அறிவித்துவிட்டார்கள். மூன்று காரியங்கள். ஒன்று, கடன் கைதிகளின் விடுதலை. மற்ற இரண்டும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனைகள்.

அறிவிப்பில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. சீமாட்டிகள் பாவாடைக்கு உள்ளே வைத்துக் கட்டும் வளையம் இல்லாமல் வர வேண்டும். கனவான்கள் இடுப்பில் வாள் கட்டாமல் வர வேண்டும். ஏன் தெரியுமா? அந்த வளையம் அவ்வளவு அகலம். அதைக் கட்டிய ஒரு அம்மாள் உட்கார இரண்டு பேர் இடம் வேண்டும். இடம் மிச்சமானால் இன்னும் பலருக்கு டிக்கெட் விற்கலாம். நல்ல யோசனைதான். சுமார் 600 பேர் கொள்ளும் மண்டபத்தில் சுமார் 700 பேர் உட்கார்ந்தார்கள்.

ஹேண்டல் கூலி வாங்கவில்லை. முக்கியப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தங்கள் பங்கை விட்டுக் கொடுத்தார்கள். சுமார் 400 பவுன் சேர்ந்தது. பவுன் என்பது அன்று அந்த நாட்டில் புழங்கிய பணம். மூன்று காரியங்களுக்கும் சமமாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 127 பவுன் கிடைத்தது. கைதிகளின் பங்கில் 142 பேர் விடுதலை ஆனார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 127 பவுனை 142 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பவுன்கூட வராது. சுமார் 18 ஷில்லிங்தான் வரும். அன்று 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். கச்சேரிக்கு ஒரு டிக்கெட்டின் விலை அரை கினி, அதாவது பத்து ஷில்லிங்குக்குச் சற்று மேல். ஆக, இரண்டு டிக்கெட் பணத்துக்குள் ஒரு மனிதர் வெளியே வந்தார். பணக்காரர்களுக்கு அது ஒரு மதிய நேரப் பொழுதுபோக்குச் செலவு. அந்தத் தொகை இல்லாமல் ஒருவர் சிறையில் கிடந்தார்.

இன்று நடத்துவது எப்படி?

இந்தியாவிலும் பல ஆலயங்களில் இப்படிக் கச்சேரி நடக்கிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலத்தில் பாடகர் குழு எப்படியும் தயாராகவே இருக்கும். அந்தப் பயிற்சியை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாம்.

முதலில் காரியம் எது என்று முடிவு செய்ய வேண்டும். 'ஏழைகளுக்கு உதவி' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த ஏழை, என்ன உதவி, எவ்வளவு பணம் என்று சொல்ல வேண்டும். 'நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு சக்கர நாற்காலி' என்றால் கேட்பவருக்குக் கண்ணில் தெரியும். கொடுக்கவும் மனம் வரும்.

பணம் இல்லாததால் சிறையில் இருப்பவர்கள் நம் நாட்டிலும் உண்டு. தண்டனைக் காலம் முடிந்தும் அபராதம் கட்ட முடியாதவர்கள் சிலர். ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாதவர்கள் சிலர். இவர்களுக்காக மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. தொடங்கியபோது அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை, ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை அதில் உதவி இருந்தது. ஆகவே கைதிகளுக்கு உதவ நினைக்கும் சபையார் முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்பது நல்லது. அரசுப் பணம் கிடைக்கக்கூடிய இடத்தில் கச்சேரிப் பணத்தைப் போட வேண்டியதில்லை. கைதியின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு இருக்கும். அதற்குக் கொடுக்கலாம்.

அடுத்தது அனுமதி. டப்ளினிலேயே இதில் ஒரு சிக்கல் வந்தது. அங்கே புனித பாட்ரிக் ஆலயத்தின் தலைவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். 'கலிவரின் பயணங்கள்' என்ற புகழ்பெற்ற கதையை எழுதியவர் அவர்தான். தன் ஆலயப் பாடகர்கள் அந்த மண்டபத்தில் பாடக் கூடாது என்று 1742 ஜனவரியில் தடை போட்டார். பிறகு எப்படியோ சரியாகி, ஏப்ரலில் அவர்களும் வந்து பாடினார்கள். எனவே குருவானவரிடமும் சபைக் குழுவிடமும் முதலிலேயே பேசிவிட வேண்டும். நோட்டீஸ் அடித்த பிறகு போய் நிற்கக் கூடாது.

வெளியே ஒலிபெருக்கி வைத்தால் அதற்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மாலையிலேயே தொடங்கிவிட்டால் தொல்லை இல்லை. பெண்களும் பிள்ளைகளும் நேரத்தோடு வீடு திரும்பலாம்.

செலவில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு டிக்கெட் 50 ரூபாய், 300 டிக்கெட் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 15,000 ரூபாய். மண்டப வாடகை, மேடை அலங்காரம், மைக் செட், விருந்தினருக்கு மாலை, சால்வை எல்லாம் சேர்ந்து 11,000 ரூபாய் ஆகிறது. மிச்சம் 4,000. இதற்காகவா முப்பது பேர் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்தார்கள்? அதே கச்சேரியை ஆலயத்தின் உள்ளேயே நடத்தலாம். பெஞ்சு இருக்கிறது, ஆர்மோனியம் இருக்கிறது. மாலை, சால்வை வேண்டாம். 2,000 ரூபாயில் செலவு முடிந்தால் 13,000 மிஞ்சும். பாட்டு ஒன்றும் குறைந்துவிடாது.

டிக்கெட்டில் எண் போட வேண்டும். கிழித்துக் கொடுத்த பிறகு அடிக்கட்டை புத்தகத்தில் இருக்க வேண்டும். யார் எத்தனை டிக்கெட் வாங்கிப் போனார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இடம் எத்தனையோ அத்தனை டிக்கெட்தான் விற்கலாம். லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் இருந்தது. அதற்காக 1750 மே 1-ஆம் தேதி ஹேண்டல் 'மேசியா' நடத்தினார். டிக்கெட் இல்லாமல் வந்த பெரிய மனிதர்கள் வாசலிலேயே பணம் கொடுத்து உள்ளே போய்விட்டார்கள். டிக்கெட் வைத்திருந்த சிலர் இடம் இல்லாமல் திரும்பினார்கள். அவர்களுக்காக மே 15-இல் மறுபடியும் பாட வேண்டி வந்தது. எல்லா ஊரிலும் பெரிய மனிதர்கள் இப்படித்தான் போலிருக்கிறது. வாசலில் தயங்காமல் 'இடம் இல்லை, ஐயா' என்று சொல்லக்கூடிய ஒருவரை நிறுத்த வேண்டும்.

கச்சேரி முடிந்ததும், அன்று இரவே, பணத்தை எண்ண வேண்டும். ஒருவர் மட்டும் எண்ணக் கூடாது. மூன்று பேர் எண்ணி, தொகையை எழுதி, மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் பாடகர் குழுவைச் சேராதவராக இருப்பது நல்லது. மறுநாள் பணத்தை வங்கியில் கட்டிவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பு வரவு செலவுக் கணக்கை ஆலய வாசலில் ஒட்ட வேண்டும். விற்ற டிக்கெட் எத்தனை, உண்டியலில் விழுந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்க முடிய வேண்டும். சக்கர நாற்காலி வாங்கியதும் கடை ரசீதின் நகலையும் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும்.