கிணற்றில் எண்ணெய் வாடையா? எந்தச் சோதனை கேட்பது, தண்ணீரை எப்படி எடுப்பது

உப்பின் அளவு, கார அமிலத் தன்மை, கடினத்தன்மை. நாம் வழக்கமாகக் கொடுக்கும் பாசனநீர்ப் பரிசோதனை இவ்வளவுதான் சொல்லும். கிணற்றில் பெட்ரோல் கலந்திருந்தாலும் "பாசனத்துக்கு ஏற்ற நீர்" என்றுதான் தாள் வரும்.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அப்படித்தான் வந்தது. கிணற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். மனுஷன் ரசாயனத்தை விட்டுவிட்டு கீரையும் கத்தரியும் வைக்கிறார். போன கோடையில் மாடு தொட்டித் தண்ணியில வாய் வைக்கவில்லை. வாடையும் அடித்தது.

முதலில் வீட்டளவில் ஒரு சோதனை. தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்பு நுண்ணுயிரிகளின் வேலை. உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். நீர்மூழ்கி மோட்டாரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் அதை விட்டுவிட்டு ஊரையே சந்தேகப்படுகிறார்கள்.

அடுத்தது ஆய்வகம். "எண்ணெய், கிரீஸ்" சோதனை மட்டும் கேட்டால் போதாது. தண்ணீரிலுள்ள எண்ணெயைக் கரைப்பானில் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, மிச்சத்தை எடை போடும் முறை அது. சமையல் எண்ணெயும் கணக்கில் சேரும். பெட்ரோலோ ஆவியோடு ஆவியாகப் போய்விடும். டீசல் சந்தேகம் என்றால் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பெட்ரோல் என்றால் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பென்சீன் புற்றுநோய் தருவது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவு மூக்குக்குத் தெரியாது.

தண்ணீர் எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. ஆய்வகமே தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியை வாங்குங்கள். உள்ளே துளி அமிலம் இருக்கும், அலசிவிடாதீர்கள். விளிம்பு ததும்ப மெதுவாக நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குமிழிகூட ஓடக்கூடாது. பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஏறிவிடும். ஆழ்துளைக் கிணற்றில் தேங்கின தண்ணீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட்டுப் பிடியுங்கள். கம்ப்ரசர் போரில் பிடித்தால் காற்றே பென்சீனை அடித்துக்கொண்டு போய்விடும். திறந்த கிணற்றில் மேல்மட்டத் தண்ணீரையும் தனியாக எடுங்கள், எண்ணெய் மிதக்கும் அல்லவா? டீசல் என்ஜினைத் தொட்ட கையோடு குப்பியைத் தொடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். தேதி, நேரம், எடுத்த இடம், எடுத்தவர் கையெழுத்து எல்லாம் குப்பியில் இருக்கட்டும். இது என் பழைய வங்கிப் புத்தி, ஆனால் வழக்கு என்று வந்தால் அதுதான் பேசும்.

வழக்குவரை போகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சுன்னாகமே சாட்சி. அனல்மின் நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் ஆளுக்கொரு அறிக்கை வந்து மோதியது. 2015இல் தொடுத்த வழக்கில் 2019 ஏப்ரலில்தான் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

நம் தோட்டக்காரர் இந்த முறைப்படி மறுபடி எடுத்துக் கொடுத்தார். பென்சீன் வரம்பைத் தாண்டியிருந்தது. காய்ச்சிக் குடிக்கலாமா என்று வீட்டில் கேட்டார்களாம். கூடாது, ஆவி அடுப்படியில்தான் நிறையும். இப்போது மாட்டுக்கும் வீட்டுக்கும் என் கிணற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறோம். கீரைப் பாத்தி காய்ந்து கிடக்கிறது. இரண்டாம் மாதிரி ஐப்பசி மழைக்குப் பிறகு. மனு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.