உயிராலைக்குப் புதிய கற்கள்

நாம் உண்ணும் இறைச்சியும் மீனும் பருப்பும் செரித்து, அமினோ அமிலங்களாகப் பிரிகின்றன. அவற்றை மீண்டும் சங்கிலியாகக் கோத்து நம் உடலுக்குரிய புரதங்களை ஆக்கித் தரும் நுண்ணிய ஆலையே ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்து விளக்கியதற்காக 2009ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர்.

இவ்வாலை பொதுவாகக் கையாளும் அமினோ அமிலங்கள் 20 வகை. இயற்கை பயன்படுத்தாத வேறோர் அமிலத்தைக் கொடுத்தால் அதனையும் கோத்துவிடுமா?

வில்லையும் மூட்டையும்

ஆலைக்கு அமிலங்களைச் சுமந்து வருவது கடத்தும் ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறு. 1962இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. சிஸ்டீன் என்னும் அமிலத்தைச் சுமந்திருந்த மூலக்கூறில், அச்சுமையை மட்டும் அலனினாக மாற்றினர். சிஸ்டீன் அமர வேண்டிய இடத்தில் ரைபோசோம் அலனினை வைத்துவிட்டது! சுமையாளின் வில்லையைப் பார்த்து உள்ளே விடும் காவலர், மூட்டையை அவிழ்த்துப் பார்க்காதது போன்றதே இது.

இவ்வியல்பைப் பயன்படுத்தி, 1989இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஷுல்ட்ஸ் குழுவினர், இயற்கை பயன்படுத்தாத அமிலங்களைப் புரதத்தில் தாம் விரும்பிய இடத்திலேயே அமர்த்தினர். பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோவாகி சுகா, பலவகை அமிலங்களையும் எளிதில் ஏற்றித் தரும் ஃபிளெக்சிசைம் என்னும் ஆர்.என்.ஏ. கருவியை உருவாக்கினார்.

நமக்கு என்ன பயன்?

இன்சுலினை ஏன் விழுங்காமல் ஊசியாகப் போடுகிறோம்? செரிமான நொதிகள் அதனை வெட்டிவிடும் என்பதும் ஒரு காரணம். ஆனால் பெப்டைடு எனப்படும் சிறு சங்கிலியை வளையமாக்கி, இயற்கைக்குப் புதிதான அமிலங்களையும் சேர்த்தால், நொதிகளால் அதனை எளிதில் வெட்ட இயலாது. சிறு குழாய் ஒன்றிலேயே இத்தகைய பெப்டைடுகளை இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் ரைபோசோமைக் கொண்டு ஆக்கலாம். அவற்றுள் நோய்க்குக் காரணமான புரதத்தோடு ஒட்டிக்கொள்வதைத் தேடி எடுக்கின்றனர்.

இத்தகைய தேடலில் கிடைத்ததைச் செப்பனிட்டு உருவாக்கிய மருந்துதான் ஜிலுகோபிளான். கண்ணிமை சரிந்து, விழுங்கவும் சிரமப்படச் செய்யும் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோய்க்காக 2023இல் அமெரிக்கா இதனை அங்கீகரித்தது. 15 அமிலங்கள் கொண்ட இவ்வளையப் பெப்டைடை நோயாளியே நாள்தோறும் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்திக்கொள்ளலாம். எனினும் நோயெதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியை இது தடுப்பதால், மூளையுறைக் காய்ச்சலுக்கான தடுப்பூசி அவசியமாகிறது.

எல்லா அமிலங்களையும் ரைபோசோம் ஏற்பதில்லை. கடைக்கு வரும் மருந்தும் பெரும்பாலும் வேதியியல் முறையிலேயே தயாராகிறது. ஆயினும், எதனைத் தயாரிப்பது என்று தேடித் தரும் பணியில் ரைபோசோமுக்கு ஈடான கருவி அரிது. இமை தூக்கவும் உணவு விழுங்கவும் போராடுவோருக்கு, 1962இன் அச்சிறு சோதனை இன்று பயன் தருகிறது. அறிவியல் பயிலும் உங்கள் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள்.