பொஸ்டனுக்கு ஒரு கதை, மானிப்பாய்க்கு ஒரு கதை

முதலிலை ஒரு கணக்கைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன்.

சித்திரை வருசப்பிறப்பண்டு எங்கட மருதடிப் பிள்ளையாருக்குத் தேர். மானிப்பாய்ச் சனத்துக்கு இது சொல்லத் தேவையில்லை. வெளியூர் ஆக்களுக்காகச் சொல்லுறன். அந்தத் தேரை ட்ரோன் விட்டு எடுத்து, அடியிலை நாதஸ்வரத்தை ஓடவிட்டு ஒரு வீடியோ போட்டன். அரைநாள் வேலை. இண்டைக்கும் சனம் அதைப் பாத்துக்கொண்டிருக்கு. பிறகு சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளிலை எண்ணெய் கலந்த கதையைச் செய்தன். மூண்டு கிழமை வீடு வீடாய் ஏறி இறங்கி, போத்திலிலை தண்ணி அள்ளி, வெயிலிலை காய்ஞ்சு செய்த வீடியோ. அதை எங்கட அம்மாகூட முழுசாய்ப் பாக்கேல்லை. "பாத்தனான் அப்பு, வடிவாயிருந்தது" எண்டு சொன்னா. எண்ணெய் மிதக்கிற கிணறு வடிவாயிருந்ததாம்.

ரொறன்ரோவிலை இருக்கிற மாமி நேராய்ச் சொல்லிப்போட்டா. "தம்பி, உந்தக் கிணறு, எண்ணெய் எல்லாம் எங்களுக்கு ஏன்? நாங்கள் ஓடித்திரிஞ்ச ஒழுங்கையளைக் காட்டன்."

மாமியிலை பிழை சொல்லமாட்டன். சொந்த வளவை முப்பது வருசமாய்ப் பாக்காமல் இருக்கிற ஒரு மனிசிக்கு அந்த ஒழுங்கையைக் காட்டுறது நல்ல வேலைதான். ஆனால் அண்டைக்கு இரவு என்ர யூடியூப் சனலின்ர கணக்கைத் திறந்து பாத்தன். தேர் வீடியோவைப் பாத்தது கனடா, லண்டன், பாரிஸ், சூரிச். கிணத்து வீடியோவைப் பாத்த கொஞ்சப் பேர் முக்கால்வாசி யாழ்ப்பாணம். அப்பதான் எனக்கு விளங்கினது, நான் ஆருக்கு வேலை செய்யிறன் எண்டு.

[திரையில்: யூடியூப் விளம்பரக் காசு போற வழி]

இது எப்பிடி வேலை செய்யுது எண்டால், வீடியோவுக்கு முன்னாலை, நடுவிலை ஓடுற விளம்பரத்துக்கு நிறுவனம் காசு கட்டும். அதிலை 55 வீதம் வீடியோ செய்தவருக்கு, மிச்சம் யூடியூப்புக்கு. குறுங்காணொளி எண்டால் 45 வீதம்தான் எங்களுக்கு. இது எல்லா நாட்டுக்கும் ஒண்டுதான். ஒண்டில்லாதது விளம்பரத்தின்ர விலை. ரொறன்ரோவிலை ஒருத்தருக்கு விளம்பரம் காட்ட நிறுவனங்கள் குடுக்கிற காசும் சங்கானையிலை ஒருத்தருக்குக் காட்டக் குடுக்கிற காசும் கிட்டவும் வராது. அங்கை வீட்டுக் கடன், கார், காப்புறுதி விக்கிறவன் போட்டி போட்டு விலையை ஏத்துறான். இஞ்சை ஆர் போட்டி போடுறது? அப்ப ஒரே வீடியோவை மாமி பாத்தால் ஒரு விலை, மாமியின்ர தங்கச்சி சங்கானையிலை இருந்து பாத்தால் இன்னொரு விலை. எட்டு நிமிசத்துக்கு மேலை ஓடினால் நடுவிலையும் விளம்பரம் செருகலாம். எல்லா யாழ்ப்பாண வீடியோவும் எட்டரை நிமிசத்துக்கு இழுபடுறதின்ர ரகசியம் அதுதான். (ஓம், இதுவும் எட்டு நிமிசம் தாண்டும்.)

அப்ப யாழ்ப்பாணத்திலை இருந்து என்ன வரும்? தேர் வரும். திருவிழா வரும். "வெளிநாட்டு அண்ணை கட்டின வீடு" வரும். ஒடியல் கூழ் காய்ச்சிற அம்மம்மா வருவா. பிறகு, உங்களுக்குத் தெரியும், உதவி வீடியோ வரும். ஓலைக் கொட்டில், அழுகிற தாய், கையிலை சாமான் பை, பின்னாலை சோக வயலின். கமராவுக்கு முன்னாலை அந்தப் பிள்ளையிட்டை "எத்தினை நாளாய்ச் சாப்பிடேல்லை?" எண்டு கேள்வி. சாமான் பையைக் குடுக்கமுதல் கமராவைப் பூட்டுறது என்ன வகை உதவி எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை.

இதுகளை "இந்தக் காலத்துப் பெடியளின்ர சீர்கேடு" எண்டு திட்டுறது லேசு. ஆனால் இதே வியாபாரம், இதே ஊரிலை, 180 வருசத்துக்கு முதலே நடந்திருக்கு. அதைத்தான் இண்டைக்குச் சொல்ல வந்தனான்.

[கமரா: மானிப்பாய், கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை வளவு]

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816. நாலு வருசத்தாலை அவைக்கு ஒரு அச்சாளர் வாறார், ஜேம்ஸ் கரற். வந்த மனிசனை பிரித்தானிய அரசாங்கம் இருக்கவிடேல்லை, நாட்டைவிட்டுப் போ எண்டிட்டுது. அவர் பம்பாய்க்குப் போய் அங்கத்தை மிஷன் அச்சகத்தை நடத்தினார். ஒரு அச்சாளரைப் பாத்து ஏன் அவ்வளவு பயம் எண்டு கேக்கலாம். 2018 மார்ச்சிலை கண்டிக் கலவரத்தோடை பேஸ்புக்கைப் பூட்டினதையும், 2022 ஏப்ரலிலை போராட்ட நேரம் சமூக வலைத்தளங்களைப் பூட்டினதையும் நினைச்சுப் பாருங்கோ. ஆட்சியிலை இருக்கிறவைக்கு அச்சுமெசினும் வட்ஸ்அப்பும் ஒரே சாதிப் பூதம்தான்.

1830களிலை தடை நீங்குது. ஈஸ்ற்மன் மைனர் எண்ட அச்சாளர் வாறார். 1834 இலை மானிப்பாயிலை அச்சகம் ஓடத் தொடங்குது. 1842 இலை இஞ்சை அச்சான அகராதியிலை 58,500 சொல்லு. சந்திரசேகர பண்டிதர் தொகுத்தது. யாழ்ப்பாண அகராதி எண்டும் சொல்லுவினம், மானிப்பாய் அகராதி எண்டும் சொல்லுவினம். ஒரு சின்ன ஊரின்ர பெயர் ஒரு அகராதிக்கு நிலைச்சுப்போறது எவ்வளவு பெரிய விசயம்!

சரி, காசுக்கு வருவம். இவ்வளவுக்கும் ஆர் காசு குடுத்தது? அமெரிக்காவிலை, நியூ இங்கிலாந்துப் பக்கத்துத் தேவாலயங்களிலை இருந்த சாதாரணச் சனம். அவையின்ர கையிலை இருந்து காசு எடுக்கிறதுக்கு ஒரு கருவி இருந்தது. 'மிஷனரி ஹெரால்ட்' எண்ட சஞ்சிகை. பொஸ்டனிலை அச்சாகும். யாழ்ப்பாணத்திலை இருந்து மிஷனரிமார் எழுதிற கடிதங்கள் அதிலை வரும். இருட்டிலை கிடக்கிற சனம், விக்கிரகம் கும்பிடுற சனம், படிப்பில்லாத பெண் பிள்ளையள். காசு குடுக்கிறவர் ஒரு பிள்ளையின்ர படிப்புச் செலவைப் பொறுப்பெடுக்கலாம். பொறுப்பெடுத்தால் அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வைக்கலாம். உதாலைதான் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்திலை ஹென்றி மாட்டின், சேத் பேசன், டன்வோத் எண்டு சுத்தத் தமிழ் ஆக்கள் நடந்து திரிஞ்சவை. வீட்டிலை அப்பா அம்மா வைச்ச பெயர் ஒண்டு, காசு வாற பக்கத்திலை பெயர் ஒண்டு.

இப்ப தம்ப்நெயிலிலை "லண்டன் அண்ணாவின் உதவி" எண்டு கொட்டை எழுத்திலை போடுறம் இல்லையோ? அது புதுசில்லை. பிள்ளைக்குப் பெயர் மாத்தாத அளவுக்கு நாங்கள் முன்னேறியிருக்கிறம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு இடத்திலை எனக்கு மிஷனரிமாரிலை மரியாதை வருகுது. அவை பொஸ்டனுக்கு எழுதிறதோடை நிக்கேல்லை. 1841 ஜனவரி 7, மானிப்பாய் அச்சகத்திலை இருந்து 'உதயதாரகை' வெளியாகுது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பத்திரிகையிலை, மாதத்துக்கு ரண்டு தரம். நடத்தினவை நான் இப்ப சொன்ன ஹென்றி மாட்டினும் சேத் பேசனும், ரண்டுபேரும் தமிழர். மதம் பரப்பினவை எண்டது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதுக்குள்ளை விஞ்ஞானம் இருந்தது, கல்வி இருந்தது, விவசாயம் இருந்தது, உள்ளூர்ப் புதினம் இருந்தது. வாசிக்கிறவர் யாழ்ப்பாணத்திலை இருந்தார். சைவ ஆக்கள் கோவிச்சுக் கடிதம் எழுத, அதையும் போட்டு, மறுமொழியும் போட்டு, சண்டை பிடிச்சவை. ஊர் தன்னோடை தானே கதைச்ச இடம் அது.

அப்ப ரண்டு வெளியீடு. ஒண்டு ஹெரால்ட், காசு தாற தூரத்து ஆக்களுக்கு ஊரைக் காட்டுறது. மற்றது தாரகை, ஊருக்கு உலகத்தையும் ஊரையும் காட்டுறது.

என்ர வழக்கு இதுதான். எங்கட யாழ்ப்பாண யூடியூப் முழுக்க இப்ப ஹெரால்ட். தாரகையைக் காணேல்லை.

என்ர தேர் வீடியோ ஹெரால்ட். மாமிக்கான ஒழுங்கை வீடியோவும் ஹெரால்ட். ஹெரால்ட் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. புலம்பெயர்ந்த ஆக்களின்ர காசு இல்லாட்டி இஞ்சை எத்தினை வீட்டுக்குக் கூரை வந்திருக்காது. அந்த ஆக்கள் வெறும் நினைவு தேடித் திரிஞ்சவை எண்டும் நினைக்கவேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவை 2003 இலை தூக்கி நிறுத்தினது எங்கட மயூரநாதன், வளைகுடாவிலை வேலை செய்துகொண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்கு சுவிசிலை இருந்த கலியாணசுந்தரத்தாலை தொடங்கினது. 2005 இலை தொடங்கின நூலகம் திட்டத்துக்கும் உள்நாடு, வெளிநாடு எண்டு ரண்டு பக்கத்திலையும் கை இருந்தது. அதே புலம்பெயர்ந்த ஆக்கள்தான். கேட்ட மாதிரி வேறை, கிடைச்சது வேறை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. அதைத்தான் ஒருத்தரும் கதைக்கிறேல்லை. அச்சகம் மானிப்பாயிலை இருந்தது. பொஸ்டன்காரன்ர காசுதான், ஆனால் மெசின் இஞ்சை. எழுத்துக் கோத்தவர் இஞ்சத்தைப் பெடியன், புத்தகம் கட்டினவர் இஞ்சத்தை ஆள். தொழில் கைக்கு வந்தது. 1850களின்ர நடுப்பகுதியிலை மிஷன் அச்சகத்தை விட்டுக்குடுக்க, உள்ளூர் ஆக்கள் எடுத்து நடத்தினவை. அந்தக் காலத்துப் புத்தகங்களின்ர முகப்பிலை 'ஸ்ட்றோங் அன்ட் அஸ்பரி, மானிப்பாய்' எண்டு பாக்கலாம். பெயர் வெள்ளைக்காரப் பெயர், ஆக்கள் எங்கட ஆக்கள். மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் இதே வளவுக்குள்ளை தமிழிலை வைத்தியம் படிப்பிச்சார் எண்டால் அதுக்கு இந்த மெசின் பக்கத்திலை இருந்ததும் ஒரு காரணம். 'இரணவைத்தியம்' 1867. சத்திரசிகிச்சைப் புத்தகம் தமிழிலை, 1867 இலை! இங்கிலீசிலை படிச்சால் பெடியள் அரசாங்க வேலைக்குப் போயிடுவாங்கள், தமிழிலை படிச்சால் ஊரிலை நிப்பாங்கள் எண்டது கிறீனின்ர கணக்கு.

இப்ப மெசின் எங்கை? கலிபோர்னியாவிலை. எங்கட கையிலை இருக்கிறது ஒரு கடவுச்சொல். நாளைக்கு விதியை மாத்தினால் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும், அதுவும் இங்கிலீசிலை. 2009 இலை யாகூ ஜியோசிற்றிசைப் பூட்டேக்கை அதிலை தமிழ்ச் சனம் ஆசையாய்க் கட்டின பக்கங்களும் சேர்ந்துதான் போனது. ஒருத்தரும் நெருப்பு வைக்கேல்லை. 1981 ஜூன் முதலாம் திகதி எங்கட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலை 97,000 புத்தகம் எரிஞ்சதை நாங்கள் மறக்கமாட்டம். ஆனால் சத்தம் போடாமல் அழியிறதுக்கு எங்களிட்டை அழுகை இல்லை.

இந்த இடத்திலை ஒரு ஆள் வந்தே ஆகவேணும். நல்லூர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சு, பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பிலை உதவின மனிசன். மிஷன்காரரின்ர பிரசங்கம், வினாவிடை, பாடப்புத்தகம், துண்டுப்பிரசுரம் எல்லாத்தையும் கிட்ட இருந்து பாத்தார். பாத்துப்போட்டு "மிஷன்காரன் எங்களைப் பிழையாய்க் காட்டுறான்" எண்டு புறுபுறுத்துக்கொண்டு இருக்கேல்லை. 1849 இலை சென்னைக்குப் போய் அச்சு யந்திரம் வேண்டிக்கொண்டு வந்து வண்ணார்பண்ணையிலை பூட்டினார். வித்தியாநுபாலன யந்திரசாலை. பாலபாடம் வந்தது, சைவ வினாவிடை வந்தது. அவன்ர கருவி, இவர்ர கதை.

நாவலரைத் தெய்வமாக்கிற வேலை எனக்கில்லை. அவர்ர சைவத்திலை சாதி இறுக்கமாய்த்தான் இருந்தது. சொந்த அச்சகம் வந்தோண்ணை எல்லாருக்கும் அதிலை இடம் கிடைச்சிடேல்லை. இண்டைக்கும் ஒரு உள்ளூர்த் தளம் வந்தால் முதல் கேள்வி அதுதான், ஆர்ர முற்றத்திலை கமரா நிக்கும், ஆர்ர முற்றத்திலை நிக்காது? ஆனால் மெசின் ஆரிட்டை இருக்கு எண்ட கேள்வியை அந்தாள் வடிவாய் விளங்கிவைச்சிருந்தார்.

நாங்களும் ஒரு யூடியூப் கட்டவேணும் எண்டு சொல்ல வரேல்லை. விசர்க்கதை. நான் செய்யப்போறது சின்ன வேலை.

ஒண்டு, இனிமேல் ஒவ்வொரு வீடியோவின்ர எழுத்து வடிவத்தையும் யூனிகோட்டிலை அடிச்சு நூலகம் மாதிரி ஒரு இடத்துக்குக் குடுப்பன். பாமினி எழுத்துருவிலை இல்லை. பாமினியிலை அடிச்சால் எங்கட கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது இங்கிலீசு எழுத்துக் குப்பை, தேடினால் வராது. எங்கட அச்சுக்கூடங்களிலை இப்பவும் கலியாணக் கார்ட்டிலை இருந்து கல்வெட்டுப் புத்தகம் வரைக்கும் பாமினிதான். எத்தினை ஊர்க் கதை அதுக்குள்ளை பூட்டுப்பட்டுக் கிடக்கோ.

மற்றது காசு. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடியரிசி சேர்த்த சனம் நாங்கள். உலையிலை போட முதல் ஒரு பிடி எடுத்து முட்டியிலை போடுறது. சனலுக்கும் ஒரு முட்டி வைக்கிறன். மாதம் நூறு ரூபா, மானிப்பாய், சங்கானை, சுன்னாகம், எங்கையிருந்தெண்டாலும். கனடாக் காசு அந்த முட்டிக்குள்ளை வராது. மாமி, குறை நினைக்காதேங்கோ, உங்கட ஒழுங்கை வீடியோ வேறையாய் வரும். இந்த முட்டியிலை சேருற காசுக்கு என்ன செய்யிறதெண்டதை அதைப் போட்டவை சொல்லட்டும். ஒருத்தரும் போடாட்டி அதுவும் ஒரு மறுமொழிதான், அதையும் உங்களுக்குச் சொல்லுவன்.

அடுத்த கிழமை கிணத்துத் தண்ணி வீடியோவின்ர ரண்டாம் பாகம். நடுவிலை விளம்பரம் வராது. தம்ப்நெயிலிலை நான் வாயைப் பிளந்துகொண்டு நிக்கவும் மாட்டன். அம்மா, இந்தமுறை முழுசாய்ப் பாருங்கோ.