சோடியம் 126: உப்பு குறைந்ததா, தண்ணீர் கூடியதா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கடிதங்களில் முன்பெல்லாம் தட்டணுக் கணக்குதான் இருக்கும். இப்போது சோடியமும் சேர்ந்துகொண்டது. “காய்ச்சல்னு சேர்த்தோம், சோடியம் 126ங்கிறாங்க. உப்புக் கஞ்சி கொடுக்கலாமா?” என்று உத்தமபாளையம், சின்னமனூர் பக்கமிருந்து கேட்கிறார்கள். ‘டெங்கு கட்டுக்குள் இருக்கிறது’ என்ற வழக்கமான அறிவிப்பில் இதற்குப் பதில் இல்லை. அது எலைசா பரிசோதனையில் உறுதியானவர்களின் கணக்கு. கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர் அதில் வரமாட்டார்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இயல்பு. 126 என்றதும் உப்பு போய்விட்டது என்று நினைக்கிறோம். பல நேரம் நடப்பது வேறு. காய்ச்சல், குமட்டல், வலி எல்லாமே வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கும். அது சிறுநீரகத்தை நீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கச் செய்யும். அப்போது குடிக்கிற வெறும் தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். உப்பு அப்படியே இருக்க, நீர் கூடிய சாம்பார் மாதிரி ரத்தம் சப்பென்றாகிவிடும்.

டெங்குவில் இன்னொரு வழியும் உண்டு. காய்ச்சல் தணிகிற நேரத்தில், பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள், ரத்தக்குழாய்கள் கசியும். ரத்தத்தின் கொள்ளளவு குறைவதைக் கண்டும் அதே ஹார்மோன் சுரக்கும். இப்படிக் கசிவு உள்ளவருக்கு உப்புநீர் ஏற்ற வேண்டும். முன்பு சொன்னபடி நீர் தங்கியவருக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். லேப் சீட்டில் இருவருக்கும் அதே 126தான்!

என்னை உறுத்துவது, நாமே கேட்டு வாங்கும் ‘குளுக்கோஸ் பாட்டில்’. சாதாரண சலைனில் லிட்டருக்குச் சோடியம் 154; 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் பூஜ்யம். சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர்தான். ‘தெம்புக்கு’ என்று ஏற்றுவது சோடியத்தை இன்னும் இறக்கலாம். மூளை செல்கள் வீங்கி வலிப்பு வரலாம். சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் ஆபத்துதான்: நாள்பட்ட குறைவை 24 மணி நேரத்தில் 8–10க்கு மேல் உயர்த்தினால் மூளை நரம்புகளின் உறை சிதையக்கூடும்.

ஓ.ஆர்.எஸ். குழப்பம்? உலக சுகாதார நிறுவன அளவுப்படி லிட்டருக்குச் சோடியம் 75. அந்த அளவுக்கு ஒத்துவராத இனிப்புப் பானங்களும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெயர் போட்டு விற்றன. 2022இல் ஒரு பொறுப்புத் துறப்பு வரியோடு அதை அனுமதித்த உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் தடுத்தது. மருந்துப் பாக்கெட்டைச் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

இளநீர்? பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு.

பிரஷருக்கு ‘நீர் மாத்திரை’ போடும் பெரியவர்கள்? அதுவும் சோடியத்தை இறக்கலாம்; சேர்க்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சோடியம் மாறினால் உயிருக்கு ஆபத்தா? டெங்குவில் இல்லை, கொரோனாவில் ஓர் ஆய்வு: லண்டனில் 488 நோயாளிகளைப் பார்த்ததில், சேரும்போது சோடியம் குறைந்திருந்தவர்களுக்குச் சுவாசக் கருவித் தேவை இருமடங்கு. இறப்போடு சேர்ந்து வந்தது சோடியம் கூடியதுதான். எது காரணம், எது அறிகுறி என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது.

எப்போது ஓட வேண்டும்? பிதற்றல், வலிப்பு, விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி: காய்ச்சல் விட்டிருந்தாலும் உடனே தேனி அருகே க.விலக்கு அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு.