மாட்டுத் தொழுவத்தோடு நாம் இழந்த உயிர்ச்சத்து

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிடம் நாம் வழமையாகக் கேட்கும் கேள்வி, எதை எதை இழந்தீர்கள் என்பதாகும். காணி, வீடு, பயிர், பத்திரங்கள் என்று பதில்கள் வரும். கண்டிக்கு அண்மையில் புதிதாகக் குடியேறியிருந்த ஒரு தாயார் மாத்திரம் வேறுவிதமாகச் சொன்னார். “வீடு போனத கூட தாங்கிக்கிட்டோம் மிஸ். கறவ மாட்ட வித்துட்டு வந்ததுதான் பெரிய கவல. அப்ப ஆளுக்கு அரை டம்ளர் பாலாவது இருந்துச்சு. இப்ப புள்ளைங்களுக்கு சாயத்தண்ணிதான்.” அவருடைய மடியில் எட்டு மாதக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று அந்தப் பேச்சை நாம் வருமான இழப்பு பற்றியதாகவே எழுதிக்கொண்டு வந்தோம். அதற்குள் இரத்தத்தையும் நரம்பையும் பற்றிய உண்மை ஒன்றும் இருந்தது என்பது பிறகுதான் எமக்கு விளங்கியது.

விற்றமின் பி12 என்று ஓர் உயிர்ச்சத்து உண்டு. இரத்தம் ஊறுவதற்கும் நரம்புகள் பழுதின்றி இயங்குவதற்கும் அது இல்லாமல் முடியாது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 2.4 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமை பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டரைப் பங்கு கூட இல்லை. ஆனால் இந்தத் துளியைச் செய்ய எந்தச் செடிக்கும் தெரியாது, எந்த மிருகத்துக்கும் தெரியாது, மனிதனுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களும் அவற்றைப் போன்ற சில நுண்ணங்கிகளும் மாத்திரமே அதைச் செய்கின்றன.

மாடு புல் மேய்கிறது. மண்ணிலுள்ள கோபால்ட் என்னும் உலோகம் மிக நுண்ணிய அளவில் அந்தப் புல்லில் இருக்கிறது. மாட்டின் முதலாம் இரைப்பையில் வாழும் பற்றீரியாக்கள் அந்தக் கோபால்ட்டைக் கொண்டு பி12 ஐ உண்டாக்க, அது மாட்டின் இரத்தத்தில் கலந்து பாலுக்கும் இறைச்சிக்கும் வந்து சேருகிறது. கோழி குப்பையையும் சாணத்தையும் கிளறித் தின்பதிலும் ஒரு காரியம் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் தாவரத் தீனி மாத்திரம் கொடுத்து வளர்த்த கோழிக்குஞ்சுகள் நன்றாக வளரவில்லை. தீனியோடு சிறிது மாட்டுச் சாணத்தைக் கலந்தபோது வளர்ந்தன. சாணத்தில் இருந்த அந்தப் பொருள் என்ன என்பது 1948 இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பி12 செந்நிறப் பளிங்குகளாகப் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே தெளிவாயிற்று. அதன் சிக்கலான அமைப்பைக் கண்டறிந்த டொரதி ஹொட்ஜ்கின் அம்மையார் 1964 இல் நோபல் பரிசு பெற்றார்.

எமது குடலிலும் பற்றீரியாக்கள் இருக்கின்றனவே, அவை செய்து தராதா என்று கேட்கலாம். செய்கின்றன. ஆனால் பெரும்பாலும் பெருங்குடலில். பி12 ஐ உடல் உறிஞ்சுவதோ அதற்கு மேலே, சிறுகுடலின் கடைசிப் பகுதியில். வயலைத் தாண்டிக் கீழே போன வாய்க்காலில் தண்ணீர் பெருகியதைப் போல, அது எமக்குப் பயன்படாமல் வெளியேறிவிடுகிறது.

இந்த விடயத்தில் மிக முக்கியமான ஆய்வுகள் சில தமிழ் மண்ணிலேயே, தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தன. எம்மில் பலருடைய முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தே கண்டிச் சீமைக்கு வந்தார்கள். சோறும் கீரையும் பருப்புமான சாப்பாட்டு முறையும் அவர்களோடு வந்தது. ஆகவே அங்கே கண்டவை எமக்கும் பொருந்தும். 1980 இல் அல்பர்ட், மாதன், பேக்கர் என்ற மூவர், நலமாயுள்ள தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் பி12 செய்யக்கூடிய பற்றீரியாக்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். உறிஞ்சும் இடத்துக்கு மேலேயே அது உண்டாவதால் சிலருக்கு ஓரளவு கிடைக்கக்கூடும்.

அப்படியானால் கவலை இல்லை என்று இருந்துவிடலாமா? அதே வேலூரிலிருந்து 1962 இல் வந்த அறிக்கையை வாசித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகிய வைத்தியர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாம் தாய்ப்பால் குடித்து வந்த, ஒரு வயதை எட்டாத குழந்தைகள். சிரித்து விளையாடிய பிள்ளை மெல்ல மெல்ல மந்தமாகிறது. தலையை நிமிர்த்துவதும் உட்காருவதுமாகப் பழகியவற்றை மறக்கிறது. கைகால் தானாக அசைகிறது, விரல் மூட்டுகள் கறுக்கின்றன, இரத்தம் குறைகிறது. தாய்மாருடைய உடலில் பி12 போதாமல் இருந்தபடியால் அவர்களுடைய பாலிலும் அது போதியளவு இருக்கவில்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள். தாய்ப்பால் மீது இங்கே குற்றமில்லை. அதைவிடச் சிறந்த உணவு குழந்தைக்குக் கிடையாது. தாயின் தட்டில் என்ன இருந்தது என்பதே கேள்வி.

வளர்ந்தவர்களின் ஈரலில் இந்த உயிர்ச்சத்து சேமிப்பாக இருக்கும். சாப்பாட்டில் அது நின்றுபோனாலும் இரண்டு மூன்று வருடங்களுக்கு, சிலருக்கு அதற்கும் மேலே, சேமிப்பிலிருந்து காலம் ஓடும். இடம்பெயர்ந்தோர் விடயத்தில் இதுவே ஏமாற்றுகிறது. விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்தபோது எழும்பியவர்களும் சரி, 2025 நவம்பரில் டித்வா புயல் மழையோடு வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டத்தில் வீடிழந்தவர்களும் சரி, முதல் மாதங்களில் நிவாரணத்தைக் கொண்டு சமாளித்துவிடுவார்கள். நிவாரணப் பொதியில் வரும் டின் மீனிலும் நெத்தலியிலும் பி12 நிறையவே உண்டு. பொதி நின்ற பின்னர், மாடும் இல்லை, கோழி வளர்க்க வளவும் இல்லை, சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் என்று வருடங்கள் போகும்போதுதான் வினை தொடங்குகிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், நாக்கு சிவந்து எரிதல், பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற விறைப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி. அப்போது எவருக்கும் மாட்டை விற்ற நாள் நினைவுக்கு வராது. நரம்புப் பாதிப்பு நாட்பட்டால் முழுமையாகத் திரும்பாது என்பதால் காலம் கடத்துவது ஆபத்து.

இனி எதைச் சாப்பிடுவது? ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம், ஒரு முட்டையில் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம் உண்டு. தயிரும் பாலைப் போன்றதே. சாளை மீன், டின் மீன், நெத்தலிக் கருவாடு, சம்பலில் இடிக்கும் மாசி ஆகியன சிறிதளவு சேர்த்தாலும் பயன் தரும். (கருவாட்டில் உப்பு அதிகம், பிறஷர் உள்ளவர்கள் ஊறவைத்துக் கழுவிச் சமைக்கட்டும்.) கோழி ஈரல் எல்லாவற்றையும் விட மலிவான களஞ்சியம், ஆனால் கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி உண்ணாமல் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கீரை, பருப்பு, பலாக்காய் எல்லாம் வேறு வகைகளில் நல்லவை, ஆயினும் பி12 அவற்றில் இல்லை. பழஞ்சோற்றில் உண்டு என்று சொல்லுவார்கள். அதை நம்பி இருக்க முடியாது. மச்சம் உண்ணாதவர்கள் பாலையும் தயிரையும் விடாமல் சேர்க்க வேண்டும், அதுவும் முடியாதவர்களுக்கு மாத்திரை உண்டு. பற்றீரியாக்களை வளர்த்தே அந்த மாத்திரைக்குரிய பி12 செய்யப்படுகிறது, ஆகவே விரதத்துக்குப் பங்கமில்லை.

தோட்டப்புறங்களில் நாம் கண்ட ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். மாடு வைத்திருக்கும் வீடுகளிலும் காலைப்பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, வீட்டில் சாயத்தண்ணி குடிக்கிறார்கள். பணம் தேவை என்பதை மறுக்க எமக்கு மனம் வரவில்லை. என்றாலும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்குமாவது ஒரு கோப்பையை எடுத்துவைத்துவிட்டு மிகுதியை ஊற்றலாம்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. ஆனால் அவை பி12 இன் வேலையைச் செய்யா. போலிக் அமிலம் இரத்தத்தைச் சீராகக் காட்டிவிட, நரம்புப் பழுது உள்ளே தொடர்ந்து போகவும் கூடும். மாத்திரை எடுத்தும் களைப்புத் தீரவில்லை, கால் விறைக்கிறது என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ “பி12 பார்க்க வேண்டுமா?” என்று கேளுங்கள். நீரிழிவுக்கு மெட்போமின் வருடக்கணக்காக எடுப்பவர்களும், வயிற்றெரிவுக்கு நீண்டகாலம் மாத்திரை குடிப்பவர்களும், வயதானவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். சாப்பாட்டில் இருந்தாலும் அவர்களுடைய உடல் அதைச் சரியாக உறிஞ்சாமல் விடலாம். குறைபாடு உறுதியானால் ஊசியாலும் மாத்திரையாலும் ஈடுசெய்ய முடியும்.

அந்தத் தாயாரிடம் நாம் மறுபடியும் போனோம். குழந்தையைக் கிளினிக்கில் காட்டியிருந்தார், நிறை சரியாக ஏறுவதாகச் சொன்னார்களாம். மாடு வாங்க வழியில்லை. லயத்துக் கோடியில் பழைய தகரத்தால் ஒரு கூடு அடித்து நான்கு பேட்டுக் கோழிகள் விட்டிருந்தார். இரண்டு முட்டையிடத் தொடங்கியிருந்தன. “முட்டைய விக்கிறீங்களா?” என்று கேட்டோம். “மூணு நாளைக்கு ஒருவாட்டி விப்பேன். மத்த நாள் எனக்கும் மூத்தவளுக்கும்” என்றார்.