இரட்டைத் தாடை: உறிஞ்சி எடுக்கும் முன் உள்ளே பார்த்துவிடலாம்

தோல் உரிக்காத கோழியை வீட்டில் சுத்தம் செய்தவர்களுக்கு இது தெரியும். கழுத்துப் பக்கம் தோலை லேசாகத் தூக்கினால், அடியில் மஞ்சளாகக் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் வழித்தாலே வந்துவிடும். அதற்கு அடியில் மெல்லிய சவ்வு, சவ்வுக்குக் கீழே இறைச்சி. இறைச்சிக்கு இடையிலும் அங்கங்கே கொழுப்பு செருகிக் கிடக்கும். அது விரலுக்கு வராது. கத்தி போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நம் மோவாய்க்கு அடியிலும் ஏறக்குறைய இதே அடுக்குதான். இரட்டைத் தாடையைச் சரிசெய்ய, குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் மருத்துவரின் கட்டணத்தைக் கேட்கும் முன்பு இந்த அடுக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அந்தச் சிகிச்சை தொடுவது ஒரே ஓர் அடுக்கைத்தான். உங்கள் தாடையின் கனம் அந்த அடுக்கில் இல்லாவிட்டால், எவ்வளவு கைதேர்ந்த மருத்துவர் செய்தாலும் கண்ணாடியில் பெரிய மாற்றம் தெரியாது.

மேலிருந்து கீழே போவோம். முதலில் தோல். அடுத்து, விரலால் கிள்ளினால் கையில் வரும் கொழுப்பு. அதற்கு அடியில் பிளாட்டிஸ்மா என்ற தசை. நெஞ்சின் மேல்பகுதியில் தொடங்கி, கழுத்தை மூடிக்கொண்டு தாடை எலும்பு வரை அகலமாக, மெல்லிசாக விரிந்திருக்கும். அதற்கும் கீழே இன்னொரு கொழுப்பு, நாக்கையும் தாடையையும் அசைக்கும் தசைகள், இரண்டு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள், நடுவில் குதிரை லாடம் போன்ற ஒரு சின்ன எலும்பு. லைப்போசக்‌ஷன் குழாய் போவது தோலுக்கும் பிளாட்டிஸ்மாவுக்கும் நடுவில் இருக்கும் கொழுப்புக்கு மட்டும்.

அப்படியானால் உங்கள் கொழுப்பு எந்த அடுக்கில் இருக்கிறது? மருத்துவர்கள் செய்து பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு; அதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நில்லுங்கள். மோவாய்க்கு அடியில் இருக்கும் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். பிடித்த பிடியை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயின் இரண்டு ஓரங்களையும் கீழே இழுங்கள். கழுத்தில் நரம்பு புடைத்த மாதிரி இரண்டு கோடுகள் எழும். அதுதான் பிளாட்டிஸ்மா இறுகுவது. இப்போதும் விரலுக்குள் அதே கனம் இருந்தால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது. பிடியிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டால், கனம் தசைக்குக் கீழே இருக்கிறது. அங்கே குழாய் எட்டாது. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் இதை ஒரு முறை செய்து பார்த்துவிட்டுப் போனால், அவர் என்ன சொல்கிறார் என்பது உங்களுக்குப் புரியும்.

கொழுப்பே காரணமாக இல்லாத இரட்டைத் தாடையும் உண்டு. சிலருக்கு மோவாய் எலும்பு பிறவியிலேயே உள்வாங்கி இருக்கும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் கீழ் உதட்டிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கிப் பாருங்கள். மோவாய் அந்தக் கோட்டுக்கு வெகு பின்னால் நின்றால், ஒல்லியான உடம்பிலும் தாடையும் கழுத்தும் சேர்ந்தே தெரியும். இவர்களுக்குக் கொழுப்பை எடுப்பதைவிட மோவாயை முன்னால் கொண்டுவருவதே பலன் தரும். வேறு சிலருக்கு வயதாலோ, வேகமாக எடை குறைத்ததாலோ தோல் தொங்கும். அங்கே எடுப்பதற்குக் கொழுப்பே இருக்காது.

நம் ஊரில் இன்னொன்றையும் அவசியம் பார்த்துவிட வேண்டும். கழுத்து வீக்கம் தைராய்டாலும் வரும். ஒரு வாய் தண்ணீரை விழுங்கும்போது கழுத்தின் முன்பக்க வீக்கம் மேலே ஏறி இறங்கினால், அழகு சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் முகமும் கழுத்தும் உப்பும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவர்கள் அதையும் மயக்க மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். கழுத்துக் கனத்தோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறும் சேர்ந்திருந்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படும்.

சரி, கொழுப்பு சரியான அடுக்கில்தான் இருக்கிறது, தோலும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் என்ன நடக்கிறது?

முதலில் உங்களை உட்காரவைத்துப் பேனாவால் குறிப்பார்கள். படுத்துவிட்டால் கொழுப்பு பக்கவாட்டில் சரிந்துவிடும். எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது மாறிவிடும். அதனால் குறிப்பது உட்கார்ந்த நிலையில், எடுப்பது படுத்த நிலையில்.

பிறகு ஊறவைக்கும் வேலை. காய்ந்த புளியை அப்படியே பிழிந்தால் சாறு வராது. தண்ணீரில் ஊறவிட்டால் தானே இளகி வரும். இங்கேயும் அதே கதைதான். உப்பு நீரில் லிடோகைன், அட்ரினலின் இரண்டையும் கலந்து தோலுக்கடியில் செலுத்துவார்கள். லிடோகைன் என்பது பல் பிடுங்கும்போது போடும் அதே மரத்துப்போகும் மருந்து. அட்ரினலின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அது முழுதாக வேலை செய்யக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தக்கசிவும் நீலம்கட்டுவதும் கூடும். இந்த முறையை 1985-இல் உருவாக்கியவர் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன். 1970-களில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும், பிரான்ஸில் இல்லூஸ் என்ற மருத்துவரும் கொழுப்பை உறிஞ்சும் வித்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் அப்போது ரத்த இழப்பு பெரிய தொல்லையாக இருந்தது. அதைப் பெருமளவு தீர்த்தது இந்த ஊறவைக்கும் முறைதான்.

அதன் பிறகு மோவாய் மடிப்பில் ஒன்று, தேவைப்பட்டால் காது மடலுக்குப் பின்னால் இரண்டு என, சில மில்லிமீட்டர் அளவில் துளை போடுவார்கள். 2, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மொட்டைமுனைக் குழாய் உள்ளே போகும். குழாயின் ஓரத்தில் இருக்கும் ஓட்டை தோலைப் பார்க்காமல் உட்பக்கம் திரும்பியிருக்கும். தோலின் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிடக் கூடாது என்பதற்காக. மருத்துவரின் ஒரு கை குழாயை முன்னும் பின்னும் விசிறி மடிப்பு போல நகர்த்தும். மறு கை வெளியிலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவது கைதான் முக்கியம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்வது அதுதான்.

வெளியே வரும் கொழுப்பு பெரும்பாலும் ஒரு காபி டம்ளர்கூட நிறையாது. நிறைய எடுத்துவிட்டேன் என்று காட்டும் மருத்துவரைவிட, கொஞ்சம் விட்டுவைக்கும் மருத்துவரையே நான் நம்புவேன். தோலுக்கடியில் மெல்லிய கொழுப்புப் பூச்சு மிச்சம் இருந்தால்தான் தோல் வழவழப்பாக இருக்கும். அதையும் வழித்துவிட்டால் தோல் நேராகத் தசையில் ஒட்டும். நடுவில் குழி விழும், இரண்டு பக்கமும் தசைக் கோடுகள் எழுந்து நிற்கும். அதைச் சரிசெய்ய வேறு இடத்திலிருந்து கொழுப்பு எடுத்து நிரப்ப வேண்டிவரும். மிச்சம் வைத்ததைப் பிறகு எடுத்துவிடலாம். வழித்து எடுத்ததை அப்படியே திரும்ப வைக்க முடியாது.

தாடை எலும்பின் விளிம்பை ஒட்டிக் கீழ் உதட்டை அசைக்கும் ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. அது இடிபட்டாலோ வீங்கினாலோ சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். அரிதாக நிலைத்துவிடுவதும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள்.

கொழுப்பு போன பிறகு தோல் தானே சுருங்கி ஒட்ட வேண்டும். புதுக் குக்கர் கேஸ்கட்டை இழுத்துவிட்டால் சட்டென்று பழைய அளவுக்கு வரும். பல வருடம் வெந்த கேஸ்கட் இழுத்த இடத்திலேயே தளர்ந்து நிற்கும். தோலும் அப்படித்தான். இளம் வயதில், இழுவை உள்ள தோலில் பலன் நன்றாக இருக்கும். வெயிலிலும் புகையிலும் தளர்ந்த தோலில் கொழுப்பை எடுத்தால் தொங்கல் கூடத்தான் செய்யும். அப்படிப்பட்டவர்களுக்குத் தோலை இழுத்துத் தைப்பது, தசையை இறுக்குவது போன்ற பெரிய அறுவைதான் வழி.

சிகிச்சை முடிந்ததும் தாடையைச் சுற்றி அழுத்தப் பட்டை கட்டுவார்கள். பனீரைத் துணியில் கட்டிப் பாரம் வைக்கிறோமே, அது மாதிரி: நீர் தேங்காமல் இருக்கவும், படிய வேண்டிய வடிவத்தில் படியவும். முதல் சில நாட்கள் நாள் முழுக்க, பிறகு சில வாரங்கள் இரவில் என்று பெரும்பாலும் சொல்வார்கள். நீலமும் வீக்கமும் ஓரிரு வாரங்களில் வடியும். அதற்கப்புறம்தான் பலரும் பயந்துபோகிறார்கள்: மோவாய்க்கு அடியில் மரத்துப்போய், கை வைத்தால் கட்டிகட்டியாகத் தட்டுப்படும். உள்ளே புண் ஆறுவதன் அடையாளம் அது, மெல்ல இளகும். இறுதி வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். அதனால் மகளின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செய்துகொள்ளாதீர்கள்.

எடுத்த கொழுப்பு திரும்பி வருமா? 2008-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள், அந்தக்கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்துக் கொழுப்பு செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். வளர்ந்த மனிதரிடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீத செல்கள் செத்து, அதே அளவுக்குப் புதியவை வருகின்றன. மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நிற்கிறது என்று கண்டார்கள். எடை கூடும்போது பெரும்பாலும் இருக்கிற செல்களே உப்புகின்றன. எனவே மோவாய்க்கு அடியில் செல்களைக் குறைத்துவிட்டால் அந்த இடம் பழையபடி வீங்குவது கடினம். ஆனால் பத்து, பதினைந்து கிலோ ஏறினால் மிச்சமுள்ள செல்கள் உப்பும், தாடை மறுபடி கனக்கும். எடை குறைத்துக்கொண்டு இருப்பவர்கள் அதை முடித்து, எடை நிலைத்த பிறகு வருவதே சரி.

குழாய் இல்லாத வழிகளும் உண்டு. மார்கழிக் காலையில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்போது தேங்காய் எண்ணெய் மட்டும் உறைகிறதல்லவா, அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக் கொழுப்பைக் குளிரவைத்துச் சாகடிக்கும் கருவி ஒன்று. அரிதாகச் சிலருக்கு அதே இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாகத் தடித்து வளர்ந்துவிடுகிறது. மற்றொன்று டியாக்ஸிகோலிக் அமில ஊசி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை 2015-இல் அனுமதித்தது. பித்தத்தில் இருக்கும் பொருள்தான் இது. எண்ணெய்ச் சட்டியில் விட்ட சோப்பு மாதிரி கொழுப்பு செல்லின் சவ்வைக் கரைக்கிறது. மாதத்துக்கு ஒன்றாக 6 அமர்வு வரை போகலாம். ஒவ்வொரு முறையும் நன்றாக வீங்கும். ஊசி தோலுக்கோ நரம்புக்கோ தவறிப் போனால் அங்கேயும் அரிக்கும். எனவே அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது.

தேதி குறித்த பிறகு ஆஸ்பிரின், வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ என எதையெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; ரத்தம் உறைவதை இவற்றில் சில தாமதப்படுத்தக்கூடும். இதய நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புகைப்பவர்கள் சில வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும்.

மருத்துவர் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். போன்ற தகுதி பெற்றவரா, மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா, அந்த இடம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவானதா, அவசரமென்றால் ஆக்சிஜனும் மயக்க மருத்துவரும் உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. குழாயைப் பிடிக்கப்போவது ஆலோசனை சொன்ன அதே மருத்துவரா என்பதையும் கேட்டுவிடுங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. பின்னால் சிக்கல் வந்தால் அதற்கான செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு யாராவது துணைக்கு இருக்கட்டும். தலையணையை உயர்த்தி வைத்துப் படுங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கினால், குரல் மாறினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். காலையில் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், உடனே 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மருத்துவருக்குப் போகிற வழியில் தகவல் சொல்லிக்கொள்ளலாம்.